லீ ஜே. காப் - ஒரு நடிகரும் இருபது பெயர்களும்

'12 ஆங்ரி மென்' (1957) பார்த்திருக்கிறீர்களா? கடைசி வரைக்கும் "பையன் குற்றவாளிதான்" என்று கத்திவிட்டு, மகனின் போட்டோவைக் கிழித்து உடைந்து அழுவாரே மூன்றாம் எண் ஜூரி... அவர்தான் லீ ஜே. காப். முகம் ஞாபகம் இருக்கும், பெயர் தெரியாது. குணச்சித்திர நடிகர்களின் தலையெழுத்து அதுதானே!

1911-ல் நியூயார்க்கில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1935-ல் குரூப் தியேட்டர் என்ற நாடகக் குழுவில் சேர்ந்தார். அங்கே இடதுசாரிகள் அதிகம். கனத்த உடம்பு, கரகரத்த குரல்... அதனால் இளவயதிலேயே கிழவர் வேஷம்தான். 'கோல்டன் பாய்' (1939) படத்தில் வில்லியம் ஹோல்டனுக்கு அப்பா. இருவருக்கும் ஏழு வயது வித்தியாசம்கூட இல்லை!

1949-ல் பெரிய வாய்ப்பு வந்தது. ஆர்தர் மில்லரின் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' நாடகத்தில் அறுபதைத் தாண்டிய வில்லி லோமனாக நடித்தார். அப்போது அவருக்கு வயது 37. இயக்கியவர் எலியா கசான்.

அடுத்து வந்ததுதான் சோதனை. அமெரிக்க விரோதச் செயல்களை விசாரித்த பிரதிநிதிகள் சபைக் கமிட்டிக்கு, 1951-ல் லாரி பார்க்ஸ் என்ற நடிகர் சொன்ன பெயர்களில் காப்பின் பெயரும் இருந்தது. இரண்டு வருடம் காப் பிடிகொடுக்கவில்லை. கையில் காசில்லை, மனைவி மனநல மருத்துவமனையில், வீட்டில் குழந்தைகள். 1953-ல் பணிந்தார். கம்யூனிஸ்டுகள் என்று இருபது பேரின் பெயர்களைச் சொன்னார்.

மறு வருடமே 'ஆன் தி வாட்டர்ஃபிரண்ட்' வெளிவந்தது. துறைமுக யூனியன் தாதாவுக்கு எதிராக ஒருவன் சாட்சி சொல்லும் கதை. இயக்கிய கசான், எழுதிய பட் ஷுல்பெர்க் இருவரும் கமிட்டி முன் பெயர் சொன்னவர்கள்தான். ஆனால் காப்புக்குக் கிடைத்தது காட்டிக்கொடுக்கப்படும் தாதா வேஷம்! அதற்கு ஆஸ்கார் பரிந்துரையும் வந்தது, விருது வரவில்லை.

1955-ல் மாரடைப்பு. ஆஸ்பத்திரிச் செலவை ஏற்றுக்கொண்டவர் பாடகர் ஃபிராங்க் சினாட்ரா. பிழைத்து வந்தவர் 'தி எக்ஸார்சிஸ்ட்' (1973) உட்படப் பல படங்களில் நடித்து, 1976-ல் இறந்தார்.

காப்பைத் திட்டுவது சுலபம். அவர் நிலையில் நான் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று சத்தியமாகத் தெரியாது. ஆனால் அந்த இருபது பேருக்கும் குடும்பம் இருந்திருக்கும், வாடகை இருந்திருக்கும். அதனால் மன்னிக்கும் உரிமை நமக்கில்லை, அவர்களுக்குத்தான்.

'12 ஆங்ரி மென்' கடைசியில், தோற்று நிற்கும் அவருக்கு ஹென்றி ஃபோண்டா பேசாமல் கோட்டை மாட்டிவிடுவார். அடுத்த முறை பார்க்கும்போது அந்த முகத்தைக் கொஞ்சம் கவனியுங்கள் நண்பர்களே.