குழாய்க்குள் ஒரு சரித்திரம்

திருப்பூரில் பாத்ரூமைப் புதுப்பிக்கிறவர்களிடம் பேசிப் பாருங்கள். டைல்ஸ் கலரைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கும்... ‘எந்தத் தண்ணி வரும்?’ போர் தண்ணி என்றால், புதுக் குழாயிலும் சீக்கிரமே வெள்ளை பூத்துவிடும்!

மண்ணிலுள்ள சுண்ணாம்பு ஒரு காரணம். இன்னொன்று, நாம் போடுகிற கலர் பனியன்! பருத்தியில் சாயம் பிடிக்க, தொட்டியில் உப்பைக் கொட்ட வேண்டும். அந்த உப்பு துணியோடு போகாது. கழிவுநீரோடு நொய்யலுக்குப் போனது. பாசனத்துக்காக 1992-ல் வந்த ஒரத்துப்பாளையம் அணை, சாயத் தண்ணீர்த் தொட்டியாகவே ஆகிப்போச்சு. உப்பு நிலத்தடிக்கும் இறங்கியது.

விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில், சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டது சென்னை உயர் நீதிமன்றம். கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் மீண்டும் திறக்க அனுமதி கிடைத்தது.

ஊர் நடுவே ஓடுவது நொய்யல். குளிக்கக் குழாயில் வருவதோ, எங்கோ ஓடும் பவானித் தண்ணீர்! டைல்ஸை மாற்றப் பத்து நாள் போதும். மண்ணுக்குள் இறங்கிய உப்பு வெளியேற எத்தனை மழைக்காலம் வேண்டுமோ?