தமிழ் மூவேந்தர் கூட்டணியும் தனியரசுரிமையும்

ஒடிசாவின் உதயகிரிக் குன்றிலுள்ள அத்திகும்பாக் கல்வெட்டு, கி.மு. 2 அல்லது 1-ஆம் நூற்றாண்டினது. நெடுங்காலம் நிலைத்த தமிழ்நாட்டுக் கூட்டணியொன்றைத் தான் சிதைத்ததாகக் கலிங்க வேந்தன் காரவேலன் அதன்கண் கூறுகின்றான். அக்கூட்டணியின் அகவை 113 ஆண்டென்பாரும் 1300 ஆண்டென்பாரும் உளர். முன்னையதே இயல்பொடு பொருந்துவது.

இக்கூட்டணி ஒரு பேரரசோ எனின், அன்று. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோகனது 2-ஆம் பாறைக் கட்டளை சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் எனத் தனித்தனியே சுட்டுகின்றது. சத்தியபுத்திரர் அதியமான் மரபினர் என்பதை 1981-இல் கண்டறியப்பட்ட ஜம்பைக் கல்வெட்டு தெளிவுறுத்திற்று. எனவே, இது முடியும் கொடியும் துறவாத தனியரசுகளின் உடன்பாடேயாம்.

அதன் நோக்கத்தைச் சங்கப் பாடல்கள், காலத்தால் முன்பின்னாயினும், விளக்குகின்றன. வேற்றுமொழி வழங்கும் தேயத்தைத் தமிழ் மூவர் காத்தமையை மாமூலனார் குறிக்கின்றார் (அகம். 31). ஒருங்கிருந்த சோழன் பெருந்திருமாவளவனையும் பாண்டியன் பெருவழுதியையும் நோக்கிக் காரிக்கண்ணனார், இடைபுகுந்து பிரிப்பார் சொற் கேளற்க என வேண்டுகின்றார், பிறர் குன்றுகளிற் புலியும் கயலும் ஒருங்கே பொறிக்கப்படுக என வாழ்த்துகின்றார் (புறம். 58). இரு பொறியும் உடன் நிற்றலே கருத்து. ஒன்றில் மற்றொன்று மறைதலன்று.

எனினும், உட்பூசல் தீர்க்கும் பொது அவையம் இருந்தமைக்குச் சான்றில்லை. வெண்ணியிற் கரிகாலனைச் சேரபாண்டியர் வேளிர் பதினொருவரொடு எதிர்த்தனர். பாரியின் பறம்பை முற்றவோ மூவரும் கூடினர். வேந்தர் ஒற்றுமை சிறுகுடிக்கு அழிவாயிற்று. ஒவ்வோர் அரசின் உரிமையையும் போற்றிய உடன்பாடு, அவ்வுரிமைக்கு வரம்பு வகுத்திலது. காரவேலன் படையினும் இக்குறையே கூட்டணிக்குப் பெரும்பகையாயிற்று எனல் தகும்.