காவிப் பல்லும் போர்த் தண்ணியும்

சேலம், நாமக்கல் பக்கத்துக் கிராமங்களில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று வாய்விட்டுச் சிரித்தால், பெரியவர்கள் யாராவது கேட்டுவிடுவார்கள்: “ஏஞ்சாமி, பல்லே வெளக்க மாட்டியா?” முன்பல்லில் சுண்ணாம்பு பூசினாற்போல வெள்ளைத் திட்டு, அதன்மேல் காவி நிறக் கோடு. வேப்பங்குச்சி, செங்கல் பொடி, உப்பு என்று எதைப் போட்டுத் தேய்த்தாலும் அது போகாது. தேய்க்கத் தேய்க்க ஈறு புண்ணானதுதான் மிச்சம். நாளடைவில் அந்தப் பிள்ளை கையால் வாயை மறைத்துச் சிரிக்கப் பழகிவிடும். பெண் பிள்ளையாக இருந்தால், வரன் பார்க்க வருகிற இடத்திலும் அந்தக் கை இறங்காது.

இந்தக் கறை அழுக்கு அல்ல. அது குழந்தை குடித்த தண்ணீர் விட்டுச்சென்ற தடம். பல் மருத்துவத்தில் இதற்குப் பெயர் ஃப்ளூரோசிஸ். இந்த உண்மை உலகத்துக்குத் தெரியவந்த கதையும், நம் சமவெளிக்கு அது வந்துசேராத கதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியவை.

ஃபிரெடரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் 1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்கு வந்தார். அந்த ஊர்க்காரர்களில் ஏராளமானோருக்குப் பல்லில் பழுப்புக் கறை. பன்றிக்கறி, கெட்ட பால் என்று ஊருக்குள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மெக்கே 30 வருடம் இதன் பின்னால் அலைந்தார். 1923இல் ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்ற சிற்றூரில் தாய்மார்கள் அவரிடம் ஒரு விஷயம் சொன்னார்கள்: வெந்நீர் ஊற்று ஒன்றிலிருந்து ஊருக்குக் குழாய் போட்ட பிறகுதான் பிள்ளைகள் பல்லில் கறை வந்தது. அந்தக் குழாயை விட்டுவிட்டு வேறு ஊற்றுக்கு மாறச் சொன்னார் மெக்கே. மாறினார்கள். சில வருடங்களில் இளைய பிள்ளைகளுக்கு முளைத்த நிரந்தரப் பற்கள் சுத்தமாக இருந்தன. மூத்தவர்களின் கறை மட்டும் அப்படியே நின்றது. தண்ணீரில் இருப்பது எது என்று 1931இல்தான் தெரிந்தது. அலுமினிய நிறுவனமான அல்கோவாவின் வேதியியலாளர் எச்.வி. சர்ச்சில், ஆர்கன்சாஸ் மாநிலத்துப் பாக்சைட் என்ற ஊரின் தண்ணீரைச் சோதித்து, அதில் லிட்டருக்கு 13.7 மில்லிகிராம் ஃப்ளோரைடு இருப்பதைக் கண்டார்.

அடுத்த 6 வருடத்தில் இந்த அறிவு சென்னைக்கு வந்துவிட்டது. கிண்டியின் கிங் இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்த எச்.இ. ஷார்ட், சி.ஜி. பண்டிட், ராகவாச்சாரி மூவரும் 1937இல் நெல்லூர் மாவட்டத்து ஃப்ளூரோசிஸ் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். நெல்லூர் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. பல் கறையோடு நிற்காமல், முதுகெலும்பு இறுகிக் குனிய முடியாமல்போன மனிதர்களை அவர்கள் பதிவு செய்தார்கள். ஷார்ட் பிற்பாடு மலேரியா ஆய்வில் பெரிய பெயர் ஆனார். பண்டிட் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநர் ஆனார். இதைக் கண்டவர்கள் யாருக்கும் தெரியாத ஆட்கள் இல்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இனி நம் ஊருக்கு வருவோம். 1965இல் தருமபுரியும், 1997இல் நாமக்கல்லும் பிரியும்முன் எல்லாமே சேலம் மாவட்டம்தான். மேலே கொஞ்சம் மண், அடியில் கருங்கல். பழைய கிணறுகள் 40, 60 அடி ஆழம். மழைத் தண்ணீர் இறங்கி, சீக்கிரமே மேலே வந்துவிடும். கல்லோடு நீண்ட காலம் பழகாது. ஆனால் அந்தத் திறந்த கிணறுகளில் காலராவும் பேதியும் இருந்தன. செத்துப்போனவர்களில் குழந்தைகளே அதிகம். 1967 பஞ்சத்தை ஒட்டி யுனிசெஃப் பாறை துளைக்கும் இயந்திரங்களை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. 70களில் உருவான இந்தியா மார்க் 2 கைப்பம்பு கோயம்புத்தூர் பக்கத்துக் கிணறுகளில் சோதிக்கப்பட்டது. குழந்தைகளைக் காப்பாற்றத்தான் போர் போட்டார்கள். காப்பாற்றவும் செய்தது. இதை மறந்துவிட்டுப் பேசுவது நியாயமில்லை.

பிறகு திருச்செங்கோடு ரிக் வண்டிகளின் தலைநகரம் ஆனது. ராஜஸ்தான் முதல் ஆப்பிரிக்கா வரை போய் அந்த வண்டிகள் துளை போட்டன. சொந்த ஊரில் நீர்மட்டம் இறங்க இறங்க 300 அடி, 600 அடி, 1000 அடி என்று போனார்கள். தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் இடம் காட்டுவார். தண்ணீர் பீறிட்டதும் எல்லாரும் கேட்பது ஒன்றே: “எத்தன இஞ்ச் வந்துச்சு?” அதில் என்ன கரைந்திருக்கிறது என்று கேட்கும் வழக்கம் உருவாகவே இல்லை. கிண்டியில் 1937இல் தெரிந்தது, போர் வண்டியோடு சேர்ந்து ஊருக்குள் வரவில்லை.

நாக்கும் இங்கே உதவாது. நம் ஊரில் தண்ணீர் இரண்டே வகை: நல்ல தண்ணி, உப்புத்தண்ணி. பருப்பு வெந்தால், சோப்பு நுரைத்தால் அது நல்ல தண்ணி. ஃப்ளோரைடுக்கோ நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. ஆழத்துப் பாறையில் நெடுங்காலம் தங்கிய தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் கூடும்போதுதான் ஃப்ளோரைடு நிறையக் கரைகிறது. அதாவது, பெரும்பாலும் பருப்பு நன்றாக வேகிற மென்னீரில்தான் அது அதிகம். இந்தியத் தரநிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை இருக்கலாம். வேறு வழியே இல்லையென்றால் 1.5. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், நாமக்கல் நான்கிலும் இதைத் தாண்டிய கிணறுகள் உண்டு. கொதிக்கவைத்தால் போகாது. தண்ணீர் ஆவியாவதால் இன்னும் அடர்த்தியாகும்.

பல்லில் இது நடக்கும் விதம் கவனிக்கத்தக்கது. முன்பல்லின் எனாமல் ஈறுக்குள், எலும்புக்குள், குழந்தையின் முதல் நான்கு வயதுக்குள் உருவாகிறது. அந்த நேரத்தில் உடம்பில் ஃப்ளோரைடு கூடினால் எனாமல் சரியாக இறுகாமல் நுண்துளைகளோடு நிற்கும். பல் வெளியே வருவதோ 6, 7 வயதில். அதன்பின் அந்தத் துளைகளில் காவி ஏறுகிறது. நாங்கள் மென்பொருள் வேலையில் லாக் கோப்பு என்று ஒன்று வைத்திருப்போம். நடந்ததெல்லாம் வரிசையாக ஏறும், ஒருமுறை ஏறியதைத் திருத்தும் வழக்கமில்லை. எனாமலும் அப்படித்தான். இரண்டு வயதில் குடித்த தண்ணீரை ஏழு வயதில் காட்டும். தாய் எந்தத் தண்ணீரைக் குடித்தாலும் தாய்ப்பாலில் ஃப்ளோரைடு மிகக் குறைவு. பால் மறந்து, பவுடர் பாலைப் போர்த் தண்ணியில் கரைக்கும்போதுதான் கணக்கு ஏறத் தொடங்குகிறது.

எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவு ஏறுவதுமில்லை. உள்ளே போகும் ஃப்ளோரைடில் பெரும்பங்கை வெளியேற்றுவது சிறுநீரகம். அது பழுதான குழந்தைக்கு அதே குடத்துத் தண்ணீர் அதிகம் கெடுக்கும். ஓயாத தாகம் தரும் நோயுள்ள குழந்தை மற்றவர்களைவிடப் பல மடங்கு குடிக்கும். துப்பத் தெரியாத, வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளை பற்பசையையும் விழுங்கிவிடும். பற்பசையில் இருப்பதும் ஃப்ளோரைடுதான். சிறிதளவு இருந்தால் அதுவே சொத்தையைத் தடுக்கும். அமெரிக்காவில் 1945 முதல் ஊர்த் தண்ணீரில் அதைக் கலக்கிறார்கள். நமக்கு எடுத்துப்போட வேண்டியிருக்கிறது. ஆகவே அரிசி அளவு, பட்டாணி அளவு என்று மருத்துவர் சொல்லும் பற்பசைக் கணக்கு இந்த வீடுகளில் இன்னும் கறாராகக் கடைப்பிடிக்க வேண்டியது.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அரசே வைத்த முழுப்பெயரில் ஃப்ளூரோசிஸ் என்ற சொல் இருக்கிறது. ஜப்பான் கடனுதவியோடு நிறைவேறி, 2013இல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரித் தண்ணீர் போனது. சேலம், நாமக்கல் கிராமங்களுக்கும் வேறு கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் வழியே காவிரி வருகிறது. ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாளில் கை தானாகப் போர் மோட்டார் சுவிட்சுக்குத்தான் போகும். அந்த நாள்களும் எனாமலில் ஏறும்.

ஒரு திட்டம் வென்றதா என்று பார்க்க அதிகாரிகள் குழாய் எத்தனை கிலோமீட்டர் போட்டோம் என்று கணக்குக் காட்டுவார்கள். ஓக்லி ஊர்த் தாய்மார்கள் வேறு கணக்கு வைத்திருந்தார்கள். அது நமக்கும் ஒத்துவரும். இரண்டாம் வகுப்பில் நுழைந்து, புதிதாக முளைத்த முன்பற்களைப் பார்க்க வேண்டும். அந்த ஊரின் ஐந்து வருடத்துக்கு முந்தைய தண்ணீர் அங்கே தெரியும். காவி இருந்தால், கேட்க வேண்டியது “பல்லு வெளக்குனியா” என்றல்ல, “உங்க வீட்டுல எந்தத் தண்ணி குடிக்கிறீங்க” என்று. அந்தக் கேள்விக்குப் பிள்ளை கூசவேண்டியதில்லை. பதில் சொல்லவேண்டியவர்கள் பெரியவர்கள்.