ஓர் ஆந்தையின் பெயர்

புதிய உயிரினமொன்றுக்கு யாருடைய பெயரைச் சூட்டுவது என்னும் தெரிவிலும் ஒரு வரலாறு உண்டு. 1972 இல் சிங்கராஜ வனத்தில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக மரங்கள் வெட்டப்படலாயின. அதனை எதிர்த்தோருள் முன்னின்றவர், இலங்கையில் வாழ்ந்த சுவிற்சர்லாந்து நாட்டவரான திலோ ஹொவ்மன். 1977 இல் மரம் வெட்டுதல் நிறுத்தப்பட்டது.

1995 இல் கித்துல்கலக் காட்டில் பறவை ஆர்வலர் தீபால் வரகாகொட இனந்தெரியாத குரலொன்றைச் செவிமடுத்தார். 2001 சனவரியில் சிங்கராஜ வனத்திலே அக்குரலுக்குரிய சிற்றாந்தையைக் கண்டார். 2004 இல் பமெலா ரஸ்முசெனுடன் இணைந்து அதனைப் புதிய இனமென விவரித்தார். ‘ஓட்டஸ் திலோஹொவ்மனி’ என்பது அதற்கு இடப்பட்ட விலங்கியற் பெயர். வழங்குபெயரிலுள்ள ‘செரண்டிப்’ என்பதோ அராபியர் இத்தீவுக்கு வழங்கிய பழம்பெயர்.

காடு எஞ்சியிருந்தமையாலேயே பறவை காணக்கிடைத்தது. காட்டைக் காக்கப் போராடியவரின் பெயர் அப்பறவைக்கு வாய்த்தமை பொருத்தமேயாம்.