எந்த வயதில் எதைச் சொல்வது?

பள்ளிக்கூடத்து உடல்நலப் பாடத்தில் பல் துலக்கும் முறை உண்டு. காய்ச்சல் பரவும் வகை உண்டு. உணவின் கூறுகள் உண்டு. ஆனால் பருவ வளர்ச்சியைப் பற்றிய பக்கம் வந்ததும், "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவதுண்டு. பெற்றோரோ, பள்ளியில் சொல்லித் தருவார்கள் என்று இருந்துவிடுகின்றனர். இடையில் நிற்கும் மாணவருக்கு உண்மையைச் சொல்பவர் யார்? எந்த வயதில் சொல்வது? இவ்வினா இன்று நேற்றுத் தோன்றியது அன்று. இதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

1905ஆம் ஆண்டில் ஷௌடின், ஹோஃப்மன் என்னும் ஜெர்மானிய அறிஞர் இருவர், சிபிலிஸ் என்னும் மேகநோயின் கிருமியைக் கண்டறிந்தனர். 1906இல் வாசர்மன், இரத்தத்தைக் கொண்டு அந்நோயை அறியும் சோதனையை வகுத்தார். 1910இல் பால் எர்லிக் கண்ட மருந்தும் வந்தது. கிருமி தெரிந்தது, மருந்தும் கிடைத்தது. ஆயினும் அதனைப் பற்றி இளைஞரிடம் வாய்திறந்து பேச மட்டும் ஒருவரும் முன்வரவில்லை.

அந்த மௌனத்தைக் கலைக்க முயன்றவர் அமெரிக்காவின் சிகாகோ நகரில் இருந்த எலா ஃபிளாக் யங் அம்மையார். இளம்வயதிலேயே ஆசிரியப் பணியில் புகுந்த அவர், 1909இல் அந்நகரப் பள்ளிகள் அனைத்துக்கும் தலைமைக் கண்காணிப்பாளர் ஆனார். அந்நாட்டுப் பெருநகர் ஒன்றில் அப்பதவியைப் பெற்ற முதல் பெண்மணி அவரே. 1913இல் உயர்நிலைப் பள்ளிகளில் மருத்துவரைக் கொண்டு உடல்நல விரிவுரைகளை ஏற்பாடு செய்தார். மாணவர்க்கும் மாணவியர்க்கும் விரிவுரைகள் தனித்தனியே நடந்தன. விரும்பாத பெற்றோர் தம் பிள்ளைகளை விலக்கிக்கொள்ளவும் இடம் அளித்திருந்தார். 20,000 பேருக்கு மேல் கேட்டனர்.

எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. பிஞ்சு உள்ளங்கள் கெட்டுவிடும் என்றனர் சிலர். இது பெற்றோரின் கடமை, பள்ளியின் வேலை அன்று என்றனர் வேறு சிலர். ஆபாசமானவற்றை அஞ்சலில் அனுப்பக் கூடாது என்னும் 1873ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி, அச்சிட்ட அவ்விரிவுரைகளை ஏற்க அஞ்சல் துறை மறுத்தது. அடுத்த ஆண்டே திட்டம் கைவிடப்பட்டது.

இனி ஸ்வீடன் நாட்டைப் பார்ப்போம். அங்கே இக்கல்விக்காகப் பாடுபட்டவர் நார்வேயில் பிறந்த எலிசே ஒட்டேசன்-யென்சன் அம்மையார். ஒரு பாதிரியாரின் 18 குழந்தைகளுள் 17ஆவதாகப் பிறந்தவர். அவருடைய தங்கை மணமாகாமலே கருவுற்றாள். குடும்ப மானத்துக்கு அஞ்சி அயல்நாட்டுக்கு அனுப்பப்பட்டாள். குழந்தையையும் பிரிய நேர்ந்தது. தன் உடலைப் பற்றி ஒன்றும் அறியாதிருந்த அப்பெண்ணின் துயரம் தமக்கையின் உள்ளத்தை விட்டு நீங்கவே இல்லை. 1933இல் அவர் பாலியல் கல்விக்கென ஒரு சங்கம் நிறுவினார். 1955இல் ஸ்வீடன் அக்கல்வியைப் பள்ளிகளில் கட்டாயமாக்கியது. மறு ஆண்டில் வெளிவந்த ஆசிரியர் கைந்நூல், பாடத்தை வயதுக்கு ஏற்பப் பகுத்துத் தந்தது. இளமையில் புலனடக்கம் வேண்டும் என்றும் வலியுறுத்தியது.

இரண்டையும் ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு புலப்படும். சிகாகோவில், அதுவரை ஒன்றும் கேளாதிருந்த இளைஞர் முன், முன்பின் அறியாத மருத்துவர் வந்து சில விரிவுரைகளில் எல்லாம் சொன்னார். ஸ்வீடனிலோ வகுப்பாசிரியரே சிறு வயதில் சிறிது, வளர வளரச் சற்று மிகுதி எனப் படிப்படியாகச் சொல்ல வழி வகுக்கப்பட்டது. கணக்கில் கூட்டலுக்குப் பின்னரே பெருக்கலைக் கற்பிக்கிறோம். பெருக்கல் கடினம் என்று அதை அடியோடு விட்டுவிடுவதில்லை. முதல் வகுப்பிலேயே கொண்டுவந்து திணிப்பதும் இல்லை. வயது என்பது உண்மையின் அளவையும் சொல்லையும் வரையறுக்கும். உண்மையையே மறைப்பதற்கு அது காரணம் ஆகாது.

நம் நாட்டிலும் இப்போராட்டம் நடந்தது. 2005இல் மத்திய அரசு வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. அதன் படங்களும் சொற்களும் வரம்பு மீறியவை என்று கண்டனம் எழவே, 2007இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் முதலிய மாநிலங்கள் அதனை நிறுத்தின. படங்கள் தகுதியானவையா என்று பெற்றோர் கேட்டதில் தவறில்லை. ஆனால் அதே 2007இல் வேறோர் அறிக்கையும் வெளிவந்தது. மத்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளை விசாரித்து வெளியிட்டது அது. அவர்களுள் 53 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகக் கூறியிருந்தனர். கொடுமை செய்தோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்களே. குற்றம் செய்பவன் குழந்தையின் வயதைப் பார்த்துக் காத்திருப்பதில்லை. அவ்வாறிருக்க, தன்னைக் காத்துக்கொள்ளும் சொல்லைக் குழந்தைக்குக் கற்பிக்க நாம் மட்டும் வயது வரட்டும் என்று காத்திருக்கலாமா?

2012இல் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம் வந்தது. 2018இல் தொடங்கப்பெற்ற பள்ளி உடல்நலத் திட்டம், பள்ளிதோறும் இரண்டு ஆசிரியர்களை இப்பணிக்குப் பயிற்ற வழி செய்தது. பயிற்சி பெற்ற ஆசிரியர் நாணமும் அடையார், வரம்பும் மீறார்.

மாணவர்களே, உங்கள் உடலைப் பற்றிய ஐயம் குற்றமன்று. தெருவிலும் ஒத்த வயதினரிடமும் கேட்டு அறைகுறையாகத் தெரிந்துகொள்வதைவிட, பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ நேரே கேளுங்கள். நாளை நீங்கள் பெற்றோராகவும் ஆசிரியராகவும் ஆவீர்கள். அன்று ஒரு குழந்தை உங்களிடம் வந்து கேட்டால், அதன் வயதுக்குத் தக்கபடி, ஆனால் மெய்யாகவே விடை சொல்லுங்கள்.