கடல் கடந்த காதற்பாடல்

மெக்சிகோ நாட்டுக் காதற்பாடல்களுள் உலகெங்கும் பரவியது ‘பேசமே முச்சோ’. ‘என்னை மிகுதியாக முத்தமிடு’ என்பது இத்தலைப்பின் பொருள். ஹலிஸ்கோ மாநிலத்தில் 1916ஆம் ஆண்டு பிறந்த கொன்சுவேலோ வெலாஸ்கெஸ் என்னும் பெண்மணி 1940ஆம் ஆண்டளவில் இதனை இயற்றினார். அக்காலத்தில் தாம் முத்தமே அறியாதவர் என்று பின்னாளில் அவரே கூறியுள்ளார். மேலைச் செவ்விசை பயின்ற பியானோக் கலைஞர் அவர். ஸ்பானிய இசைமேதை கிரனாடோஸ் அமைத்த ‘கன்னியும் இராப்பாடிப் பறவையும்’ என்னும் இசையின் சாயல் இப்பாடலில் படிந்திருப்பதில் வியப்பில்லை.

மூலப்பாடலின் உயிர்நிலை முத்தமன்று, பிரிவச்சமே. விடிந்தால் அன்புக்குரியவரை இழக்க நேருமோ என்னும் கலக்கம் அதில் நெருங்கி நிற்கிறது. சன்னி ஸ்கைலர் எழுதிய ஆங்கில வடிவமோ பிரிவைத் தொலைவிலுள்ள ஐயமாக்கி, புதுக்காதலின் களிப்பையே முன்னிறுத்திற்று. அதனை மொழிபெயர்ப்பு என்பது பொருந்தாது. ஆயினும் ஜிம்மி டோர்சி குழுவினரின் இசைத்தட்டு 1944ஆம் ஆண்டு அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. அது போர்க்காலம். பாடலாசிரியர் தளர்த்திய பிரிவுத்துயரை, ஆடவரைக் களத்திற்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தோர் தாமே நிரப்பிக்கொண்டனர் போலும்!

1962ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், இலண்டனில் டெக்கா நிறுவனத்தின் குரல் தேர்வில் பீட்டில்ஸ் குழுவினர் இதனை விரைந்த தாளத்தில் விளையாட்டாகப் பாடினர். நிறுவனம் அவர்களை ஏற்கவில்லை. அதே ஆண்டு சூன் மாதம் வேறொரு கூடத்தில் அவர்கள் செய்த பதிவு 1995ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. கேப் வெர்டே தீவுகளின் பாடகி செசாரியா எவோரா, 1998ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆங்கிலத் திரைப்படத்திற்காக ஸ்பானிய மூலத்தையே தாழ்ந்த குரலில், அவசரமின்றிப் பாடினார். வெலாஸ்கெஸ் அப்போது உயிருடன் இருந்தார். 2005ஆம் ஆண்டு மெக்சிகோ நகரில் மறைந்தார்.