சட்டாம்பிள்ளையும் கைக்கணினியும்

பள்ளிப் பிள்ளைகளின் கையில் இன்று கண்ணாடிப் பலகை ஒன்று காணப்படுகிறது. விரல் பட்டால் ஒளிர்ந்து, பட்ட இடத்தில் எழுத்தைக் காட்டும் அதனைக் கைக்கணினி என்று சிலரும் டேப்லெட் என்று பலரும் வழங்குகின்றனர். கல்வியை வாழ்விக்க வந்தது அது என்பார் ஒரு சாரார். பிள்ளைகளைக் கெடுக்க வந்தது என்பார் மற்றொரு சாரார். முன்பின் கண்டிராத பொருள் ஒன்று வந்து விட்டதாகவே இருசாராரும் கருதி வழக்காடுகின்றனர். ஆயின் கற்பிக்கும் கருவி பற்றிய வழக்கு நம் நாட்டிற்குப் பழையது. அதன் ஒரு பகுதி சென்னை எழும்பூரிலும், மற்றொரு பகுதி நாம் வாழும் இப்பெங்களூரிலும் நிகழ்ந்தது. அவ்வரலாற்றைச் சுருங்க உரைப்பதே நம் கருத்து.

திண்ணைப் பள்ளியிலிருந்து தொடங்குவோம். அங்கே பிள்ளை முதற்கண் எழுதியது மணலில். தரையில் மணலைப் பரப்பி, ஆசிரியர் பிள்ளையின் சுட்டுவிரலைப் பற்றி எழுத்தை எழுதுவிப்பார். வாய் எழுத்தின் ஒலியைச் சொல்ல, விரல் அதன் வடிவைப் பழகும். கை நிலைபெற்ற பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கிட்டும். மணலுக்கு விலையில்லை. பிழை நேர்ந்தால் உள்ளங்கையால் தடவி விட்டால் தீர்ந்தது. ஒருவன் எழுதிய இடத்திலேயே அடுத்தவனும் எழுதலாம். பிள்ளைகள் பலர்க்கு ஆசிரியர் ஒருவரே ஆதலின், மூத்த மாணாக்கன் ஒருவன் சட்டாம்பிள்ளையாய் அமர்ந்து இளையோர்க்குப் பாடம் சொல்லிக் கொடுப்பான். ஆசிரியர் பிரம்பினும் சட்டாம்பிள்ளையின் பிரம்பு கொடிது என்று நம் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அது வேறு கதை. சென்னை மாகாண ஆளுநர் சர் தாமஸ் மன்றோ 1822இல் கணக்கெடுக்கப் பணித்து 1826இல் எழுதிய குறிப்பின்படி, மாகாணத்தில் இருந்த பள்ளிகள் 12,498. அவற்றில் பயின்றோர் 1,88,650 பேர்.

இக்கணக்கெடுப்புக்கு முன்னரே அத்திண்ணையின் மணல் இலண்டன் சென்று சேர்ந்து விட்டது. அதனைக் கொண்டு சென்றவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1787இல் சென்னை வந்த அவர், 1789இல் எழும்பூரில் தொடங்கப்பெற்ற ஆண்பிள்ளைகள் காப்பகத்திற்குக் கண்காணிப்பாளரானார். ஐரோப்பியப் படைவீரர்க்குப் பிறந்து ஆதரவற்று நின்ற சிறுவர்கள் அங்கே பயின்றனர். எழுத்தறிவிப்பதிலேயே மாதங்கள் கழிந்தன, துணையாசிரியர்களோ சோம்பியிருந்தனர். ஒருநாள் காலை குதிரைமேல் சென்ற பெல், வழியில் 'மலபார்' பள்ளி ஒன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். அந்நாளில் ஐரோப்பியர் தமிழரையும் மலபாரிகள் என்றே குறித்தனர் ஆதலின், அது தமிழ்த் திண்ணைப் பள்ளியே எனக் கொள்ளல் தகும். திரும்பி வந்ததும், தம் பள்ளியிலும் மணல் பரப்பி எழுத்துக் கற்பிக்குமாறு துணையாசிரியரைப் பணித்தார். அஃது ஆகாத காரியம் என்று அவர் கையை விரித்து விட்டார்.

புதிய கருவியைக் கண்டதும் 'ஆகாது' என்னும் சொல் முதலில் எழுவது ஆசிரியர் அறைக்கு மட்டும் உரியதன்று. நடுவண் அரசு அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்திருக்கும் நாமும், தட்டச்சுப் பொறியை எடுத்துவிட்டுக் கணினியை வைத்த நாளில் அச்சொல்லைச் சொன்னவரே. அதனால் அத்துணையாசிரியரை நாம் இகழ்வதற்கில்லை.

பெல் பாதிரியார் வேறு வழி கண்டார். ஜான் ஃப்ரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, கடைநிலை வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். படைவீரன் ஒருவனின் மகனாகிய அச்சிறுவன், ஆசிரியரால் ஆகாததைச் செய்து காட்டினான். பின்னர்ப் பள்ளி முழுதும் பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பள்ளியாயிற்று. 1796இல் தாயகம் திரும்பிய பெல், மறு ஆண்டு இலண்டனில் இச்சோதனையை நூலாக வெளியிட்டார். அது 'மதராஸ் முறை' எனப் பெயர் பெற்றது. ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இலண்டனில் இவ்வகைப் பள்ளி நடத்தி, முறை எவருடையது என்று பெல்லொடு பூசலிட்டார். 1811இல் நிறுவப்பெற்ற இங்கிலாந்துத் திருச்சபையின் தேசியக் கல்விச் சங்கம் பெல்லின் முறையை ஏற்றது. பெல் 1832இல் மறைந்து வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் பெற்றார். அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில், அவர் விட்டுச் சென்ற பொருளால் எழுந்த பள்ளி இன்றும் 'மதராஸ் கல்லூரி' என்றே வழங்குகிறது.

ஈண்டு ஒன்றைக் கருத வேண்டும். மணலைத் திண்ணையிலிருந்து பெற்றதைப் பெல் மறைத்தாரல்லர். பிள்ளையைப் பிள்ளை பயிற்றும் முறையையோ தம் கண்டுபிடிப்பென்றே கொண்டார். ஆயினும் கிழக்கிந்தியக் கும்பினியின் இயக்குநர்கள் 1814இல் வங்காளத்திற்கு விடுத்த மடலில், அம்முறை இந்திய நாட்டுப் பள்ளிகளிலிருந்து பெல் வழியாக இங்கிலாந்தில் நடப்பெற்றது என்று எழுதினர். வாங்கியவரே ஒப்பிய கடன் இது. எனினும் இங்கிலாந்தில் மணற்பெட்டி விரைவிலேயே மறைந்து சிலேட்டு வந்தது. சட்டாம்பிள்ளைதான் நெடுங்காலம் நிலைத்தான். மணல் அன்றைய கருவி. அதனைக் கொண்டு மற்றொரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்த பிள்ளையே கல்வி.

இவ்வுண்மையைப் பெல்லுக்கு ஏறத்தாழ அறுநூறு ஆண்டு முன்னரே இலக்கணமாக வகுத்தவர் பவணந்தி முனிவர். நன்னூலின் பொதுப்பாயிரத்தில் அவர் கூறும் கணக்கு வியப்புக்குரியது. ஆசான் உரைத்ததைச் செம்மையாகக் கொண்டாலும் மாணாக்கன் பெறுவது கால்பங்கே என்கிறார். உடன் பயில்வாரொடு பழகுவதால் மற்றொரு கால். எஞ்சிய அரைப்பங்கோ பிறர்க்கு எடுத்துரைப்பதால் வருவது. அதாவது ஆசிரியர்க்கு அவர் அளித்த பங்கினும் பிறர்க்குச் சொல்லிக் கொடுப்பதற்கு அளித்த பங்கு இருமடங்கு! நன்னூல் செய்வித்த சீயகங்கன், குவலாலபுரம் எனப்பட்ட கோலாருக்கு உரியவன் என்னும் விருதுடைய கங்கர்குலத் தலைவன். கோலார் நம் பெங்களூரிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவுதான். இந்நகர்த் தமிழர் நன்னூலை நம்மூர் நூல் என்று ஒருவகையில் உரிமை கொண்டாடலாம்.

கோலாரிலிருந்து பெங்களூருக்கு வருவோம். 1809இல் ஆங்கிலேயர் இங்குப் படைப்பாளையம் அமைத்தபோது, சென்னைப் படையொடு தமிழர் பலர் வந்து குடியேறினர். அல்சூர், பிரேசர் டவுன், ஆட்சியர் காக்ஸின் பெயரால் வழங்கும் நம் காக்ஸ் டவுன் ஆகிய பகுதிகளில் இன்றும் தெருவில் தமிழ் ஒலிப்பது அவ்வரலாற்றின் எச்சம். ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் 1873இல் ஏழைப் பிள்ளைகளுக்கெனப் பள்ளி தொடங்கியதும் இப்பாளையத்திலேதான். இங்குள்ள குழந்தை வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் வகுப்பில் ஆங்கிலமும் பேசி வளர்கிறது. மூன்று எழுத்துமுறைகளைச் சுமக்கும் அக்குழந்தையின் கைக்கு ஏற்ற கருவி ஒன்று, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே நகரில் செய்யப்பட்டது என்பதை நம்மவர் பலரும் மறந்து விட்டனர்.

அதன் பெயர் சிம்ப்யூட்டர். எளிமை, மலிவு, பன்மொழி என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைக் கணினி என்னும் சொல்லொடு கோத்து அமைத்த பெயர் அது. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களான விஜய் சந்துரு, சுவாமி மனோகர், வி. வினய், ரமேஷ் ஹரிஹரன் ஆகிய நால்வரும், என்கோர் என்னும் மென்பொருள் நிறுவனத்தைச் சேர்ந்தோரும் கூடி இதற்கென ஓர் அறக்கட்டளை நிறுவினர். 2001 ஏப்ரலில் முன்மாதிரி வெளியாயிற்று. உள்ளங்கையில் அடங்கும் வடிவு; தொட்டு எழுதத் தொடுதிரையும் கோலும்; கடைகளில் கிடைக்கும் சிறு மின்கலங்களே போதும்; ஏறத்தாழ 9,000 ரூபாய் விலை என்பது குறிக்கோள். எழுதப் படிக்க அறியாதாரும் பயன்கொள்ளும் வண்ணம், எழுத்தை ஒலியாக்கி இந்தி, கன்னடம், தமிழ் ஆகிய மொழிகளில் அது வாய்விட்டு உரைக்கும். ஐஃபோன் 2007இலும் ஐபேட் 2010இலும்தான் வந்தன என்பதை நினைந்தால், நம் ஊராரின் முன்னோக்கு விளங்கும்.

எனினும் நம்மை மிகவும் ஈர்ப்பது அதன் பக்கவாட்டில் அமைந்த ஒரு துளை. அதில் சில்லு பதித்த அட்டை ஒன்றைச் செருகலாம். ஒருவர்க்கு ஒரு கருவி என்று அதனைச் செய்தவர்கள் எண்ணவில்லை. ஊருக்கு ஒன்றோ பள்ளிக்கு ஒன்றோ இருக்க, ஒவ்வொருவரும் தத்தம் அட்டையை மட்டும் வைத்துக் கொள்வார்கள். முறை வரும்போது அட்டையைச் செருகினால் கருவி அவருடையதாகும். எடுத்து விட்டால் அடுத்தவர்க்கு உரியதாகும். ஒருவன் எழுதித் தடவியபின் மற்றவன் எழுதிய மணற்பரப்பை இத்துணைப் பொருத்தமாக நினைவூட்டும் கணினி வேறொன்று நாம் அறிந்ததில்லை.

அது வாழவில்லை. 2004 மார்ச்சில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 'அமிடா' என்னும் பெயரில் அதனைச் செய்து விற்பனைக்குக் கொணர்ந்தது. பல்லாயிரம் விற்கும் என எதிர்பார்த்து, சில ஆயிரமே விற்றன. பெருமளவில் வாங்கியிருக்க வேண்டிய அரசுகள் வாங்காமையால் விலை குறையவில்லை. விலை குறையாமையால் வாங்குவாரும் பெருகவில்லை. அதற்குள் கைப்பேசி மலிந்து விட்டது. கைப்பேசியோ ஒருவர்க்கு ஒன்று என்னும் கொள்கையில் பிறந்தது. சிம்ப்யூட்டரின் தோல்வி வணிகத் தோல்வி என்பார் சொல்வதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதனோடு 'பொதுக்கருவி' என்னும் எண்ணமும் புதைந்ததே, அதற்காகவே வருந்துகிறோம்.

பின் வந்தவை யாவும் தனிக்கருவிகளே. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று மேனிலைப் பள்ளி மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. பல குடும்பங்கள் அதன்மூலமே முதன்முதலாகக் கணினியைத் தொட்டன. அடுத்த மாதமே நடுவண் அரசு 'ஆகாஷ்' கைக்கணினியை அறிமுகம் செய்தது. அரசு கொள்முதல் விலை 2,276 ரூபாய். தொட்டால் அசையாத திரையும் விரைவில் ஓயும் மின்கலமும் அதன் புகழைக் குலைத்தன. மலிவைத் தேடியோர் பயனைக் கோட்டை விட்டனர் எனலாம்.

இனி, சட்டாம்பிள்ளை என்ன ஆனான் என்று பார்ப்போம். சுகதா மித்ரா என்னும் அறிஞர் 1999இல் தில்லி கால்காஜியில் சேரியை ஒட்டிய சுவரில் துளையிட்டு ஒரு கணினியைப் பொருத்தினார். சிறுவர் தாமே கூடி அதனைக் கற்றனர். பின்னர் அவர் காளிக்குப்பம் என்னும் தென்னிந்தியச் சிற்றூரில், தமிழ் பேசும் பத்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் அமைந்த உயிரியல் பாடத்தைக் கணினியில் இட்டுச் சென்றார். தொடக்கத்தில் ஏதும் அறியாதிருந்தோர் இரு திங்களில் நூற்றுக்கு முப்பது மதிப்பெண் அளவை எட்டினர். பிறகு, அப்பாடம் அறியாத இளம்பெண் ஒருத்தி அருகிருந்து, பாட்டி வியப்பதுபோல் 'அதெப்படி?' என்று கேட்டு வர, அவர்கள் ஐம்பதை எட்டினர். ஆய்வு 2010இல் வெளியாயிற்று. இம்முடிவுகளை ஐயுறும் கல்வியாளரும் உளர். ஆசிரியரே வேண்டா என்று அவற்றிலிருந்து பெறுவது நமக்கும் உடன்பாடன்று. ஆனால் பவணந்தியார் வகுத்த கணக்கில் உடன்பயில்வார் பங்கு எத்துணை என்பதை மீன்பிடி வலைகள் உலரும் ஊரின் பிள்ளைகள் காட்டி விட்டனர்.

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது இவையெல்லாம் நம் தெருவிற்கே வந்து சேர்ந்தன. சூனில் கருநாடக அரசு தொடக்க வகுப்புகளுக்கு இணையவழிப் பாடம் கூடாதென ஆணையிட்டது. சூலையில் உயர்நீதிமன்றம் அதனை நிறுத்தி வைத்தது. ஆகஸ்டில் 'வித்யாகமா' என்னும் திட்டத்தின்கீழ் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் கோயில் முற்றங்களிலும் மரத்தடிகளிலும் பிள்ளைகளைச் சிறு சிறு குழுவாக அமர்த்திப் பாடம் நடத்தினர்; திண்ணைப் பள்ளி திரும்பி வந்ததோ என்றிருந்தது. நோய் பரவும் அச்சத்தால் அக்டோபரில் அதுவும் நின்றது.

காக்ஸ் டவுன் சந்தைக்குப் பின்புறத் தெருவில் நமக்கு அடுத்த வீட்டில் பிள்ளைகள் மூவர், கைப்பேசி ஒன்று. அதுவும் தந்தை வேலைக்குப் புறப்படும்வரைதான் வீட்டில் இருக்கும். மூவர்க்கும் வகுப்பு ஒரே நேரத்தில். சில நாள் அழுகையும் அடிதடியுமாகக் கழிந்த பின், ஒன்பதாம் வகுப்பில் இருந்த மூத்த பெண் ஓர் ஒழுங்கு செய்தாள். தம்பியரின் பாடத்தையும் அவளே கேட்டுக் கொள்வாள். தந்தை கைப்பேசியோடு போனதும் சிவப்புக் காவித் தரையில் சுண்ணக்கட்டியால் எழுதி இருவர்க்கும் நடத்துவாள். நாம் வீட்டிலிருந்தே அலுவல் பார்த்த நாட்கள் அவை. சன்னல் வழியே அவள் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒருநாள், “உனக்கு உன் பாடமே மலைபோல் இருக்க, இவர்களோடு ஏனம்மா இந்தப் பாடு?” என்று கேட்டோம். “மிஸ் போன்ல சொன்னா இவனுங்களுக்குப் புரியாது அங்கிள், நான் சொன்னாத்தான் புரியும். சொல்லிக் குடுத்தா எனக்கும் மறக்காது” என்றாள். நன்னூல் என்றொரு நூல் இருப்பதை அவள் அறியாள்.

அவ்வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் தமிழ் இல்லை. கைப்பேசியில் அம்மாவுக்குச் செய்தி அனுப்பும்போது தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவதே அவர்கள் வழக்கம். அவ்வோய்வு நாட்களில் அவர்களுடைய பாட்டி, தட்டில் பச்சரிசியைப் பரப்பிச் சின்னவனின் விரலைப் பிடித்து அகரம் எழுதுவித்தார். அவன் அதனைக் கண்ணாடித் திரையிலும் விரலால் வரைந்து பார்த்துவிட்டு, அரிசியில்தான் எழுத்து நன்றாக நிற்கிறது என்றானாம். 2021 அக்டோபர் 25 அன்று தொடக்க வகுப்புகள் திறக்கப்பட்டபோது அவனுக்கு உயிரெழுத்துப் பன்னிரண்டும் வந்திருந்தன; மெய்யெழுத்தில் ஙகரம் மட்டும் தலைகீழாய் வரும். அதைத் திருத்தும் பொறுப்பையும் அக்காளே ஏற்றுக் கொண்டாள்.